மீதி எண்ணூறு கிலோ

ஆயிரம் கிலோ பச்சைத் தோல் ஒரு டேனரிக்குள் போனால், பதனிட்டு முடித்து வெளியே வருவது ஏறத்தாழ 200 கிலோ. அந்த 200 கிலோதான் ஜெர்மனியில் ஷூவாகவும் இத்தாலியில் கைப்பையாகவும் அமெரிக்காவில் பெல்ட்டாகவும் விலைபோகிறது. மீதி எண்ணூறு கிலோ முடியும் சதையும் கொழுப்பும் வெட்டித் தள்ளிய ஓரங்களும் சீவிய தூளுமாக இங்கேயே நின்றுவிடுகிறது. தோல் கெடாமல் இருக்கத் தூவிய உப்பும், தோலில் ஏறாமல் தண்ணீரிலேயே தங்கிவிட்ட குரோமியமும், கழுவிக் கழுவிக் கொட்டிய முப்பதாயிரம் நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீரும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை மக்கள் அரை நூற்றாண்டாக வாழ்ந்துவருவது இந்த மீதியோடுதான்.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தில் சிறிது தூரம் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி மேலே மணல், கீழே ஊற்று. கையால் தோண்டினாலே தண்ணீர் சுரந்த ஆறு என்று கரையோரக் கிராமத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 2019-ல் மூன்றாகப் பிரியும்வரை ஒன்றாக இருந்த பழைய வேலூர் மாவட்டத்தின் ஊர்கள் அந்த ஊற்றை நம்பித்தான் எழுந்தன. தோல் தொழில் அங்கே வந்ததற்கும் அதுவே காரணம். பதனிடுவதற்குத் தண்ணீர்தான் முதல் மூலப்பொருள்.

ஆதியில் இது ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் கொண்டு செய்த தொழில். ஒரு தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். குழிகளில் ஊறவைத்து, புரட்டி, மறுபடி ஊறவைத்து, பழுப்பு நிறத்தில் எடுப்பார்கள். 'ஈஸ்ட் இண்டியா தோல்' என்ற பெயரில் அது சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குப் போனது. குரோமியத்தால் பதனிடும் முறையை 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் சோதித்தார். பல்லாவரம் பக்கத்தில் எழுந்த குரோம் லெதர் தொழிற்சாலை ஒரு புறநகருக்கே பெயர் தந்தது. ஆனாலும் பாலாற்றங்கரையில் பட்டைப் பதனிடல்தான் நெடுங்காலம் நீடித்தது.

திருப்பம் 1970-களில் வந்தது. பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் விற்று வெளிநாட்டுக்காரர்களைப் பணக்காரர்களாக்குவதை விட, முழுப்பதத் தோலாகவும் காலணியாகவும் விற்றால் அந்நியச் செலாவணி பெருகும் என்று மத்திய அரசு கணக்குப் போட்டது. சீதாராமையா குழு 1972-ல் அதற்கு வழிசொன்னது. அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது, முழுப்பதத் தோலுக்குச் சலுகை வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலையை குரோமியம் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் சூழல் சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. பதனிடுதலின் அழுக்கான முதல் பாதி வேலையை வேறு எந்த நாடாவது செய்து கொடுத்தால் அவர்களுக்கும் வசதியாக இருந்தது. அந்நியச் செலாவணிக் கணக்கை நுணுக்கமாகப் போட்ட அரசாங்கம், கழிவுநீர் எங்கே போகும் என்ற கணக்கைப் போடவே இல்லை. பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

மேசையில் விரித்த ஒரு மாட்டின் வாழ்க்கை

டேனரியில் அதிகம் பேசப்படாத ஒரு வேலை உண்டு. தோலைத் தரம் பிரிக்கும் வேலை. முடி நீங்கி, குரோமியம் ஏறி, வெளிர்நீல நிறத்தில் ஈரமாக இருக்கும் தோலை 'வெட் ப்ளூ' என்பார்கள். அதை மேசையில் விரித்து, பழகிய கை ஒரு தடவு தடவும். கழுத்துக்குப் பின்னால் தடித்துக் காய்ந்த பட்டை இருந்தால் நுகத்தடி ஏறிய மாடு. தொடையில் வட்டமாகவோ கோடாகவோ இழுபட்ட தழும்பு இருந்தால் சூடு போட்டது. முதுகில் நீளக் கீறல் இருந்தால் முள்வேலி அல்லது சாட்டை. வயிற்றுப் பக்கம் ஊசி குத்தியது போலப் பொடிப்பொடிப் புள்ளிகள் இருந்தால் உண்ணி. புட்டத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால் தார்க்குச்சி.

உயிரோடு இருந்தபோது மாட்டுக்கு நேர்ந்தது எதுவும் தோலை விட்டுப் போவதில்லை. முடிக்கு அடியில் மறைந்திருந்தது, முடி போனதும் வெளியே வந்துவிடுகிறது. இந்தியத் தோலுக்கு உலகச் சந்தையில் விலை குறைவதற்கு இந்தத் தழும்புகளும் ஒரு காரணம் என்று தோல் தொழில்நுட்பம் படித்தவர்கள் மாணவப் பருவத்திலேயே தெரிந்துகொள்கிறார்கள். மாட்டை அடிக்காமல், சூடு போடாமல், உண்ணி நீக்கி வளர்த்தால் தோலின் தரம் ஏறும் என்று அரசாங்கத் துறைகள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. ஆனால் சங்கிலியில் மாட்டை வளர்ப்பவன் ஒருவன், சந்தையில் ஓட்டுபவன் வேறொருவன், லாரியில் ஏற்றுபவன் இன்னொருவன், தோலை வாங்குபவன் நாலாமவன். நல்ல தோலுக்கான கூடுதல் விலை முதல் ஆளின் கைக்கு வந்து சேர்வதே இல்லை. அவன் மாட்டை அடிப்பதை நிறுத்துவதற்கு அந்தச் சங்கிலியில் எந்த லாபமும் வைக்கப்படவில்லை.

சந்தைக்கும் கசாப்புக்கூடத்துக்கும் நடுவிலான பயணம்தான் மிக மோசமானது. பொள்ளாச்சி போன்ற சந்தைகளிலிருந்து லாரியில் நெருக்கி அடைத்துக் கொண்டுபோகும்போது கால் முறிவதும் மிதிபட்டுச் சாவதும் பலமுறை படம்பிடிக்கப்பட்டு வெளிவந்திருக்கின்றன. 2000-ம் ஆண்டில் விலங்கு நல அமைப்பான பீட்டா இந்தக் காட்சிகளை உலகத்துக்குக் காட்டியது. சில பெரிய மேலைநாட்டு பிராண்டுகள் இந்தியத் தோலை வாங்குவதை நிறுத்தின. அதன் பின்னும் லாரியில் ஒரு மாட்டுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற விதிகள் காகிதத்தில்தான் வலுவாக இருக்கின்றன. 2017 மே மாதம் மத்திய அரசு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு விதி கொண்டுவந்து, கசாப்புக்காகச் சந்தையில் மாடு விற்பதையே தடுத்தது. சில நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அந்த நாட்களில் நாடே பசுவைப் பற்றி உரத்துப் பேசியது. லாரிக்குள் மாடு நிற்க இடம் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்களா என்பதை மட்டும் பேசியவர்கள் மிகச் சிலரே.

உப்பும் குரோமியமும்

குரோமியம் என்றால் எல்லோருக்கும் பயம் வருகிறது. ஆனால் பாலாற்றங்கரை விவசாயத்தைப் படுக்கவைத்ததில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு உண்டு.

உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதனால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்பைத் தூவி அடுக்கிவிடுவார்கள். சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிக்கும் அங்கிருந்து டேனரிக்கும் வருகிற தோல் உப்பும் கையுமாகத்தான் வருகிறது. வந்ததும் முதல் வேலை ஊறவைத்து உப்பைக் கழற்றுவது. அப்படி வெளியேறும் முதல் கழிவுநீர் கடல்நீருக்குச் சமமாகக் கரிக்கும். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தொட்டியில் முடி கழல்கிறது. பிறகு சதை வழிப்பது, அமிலத்திலும் இன்னும் கொஞ்சம் உப்பிலும் ஊறவைப்பது, அதற்கும் பிறகுதான் பெரிய மர டிரம்மில் குரோமியம் சல்பேட். போடுகிற குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் வழக்கமான முறையில் தோல் ஏற்கும். மிச்சம் தண்ணீரோடு போகும்.

குரோமியத்தைச் சுண்ணாம்பு போன்ற பொருட்களைச் சேர்த்துக் கீழே படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பை அப்படிப் பிரிக்க முடியாது. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் உப்பாகப் போவது உப்பாகவே வெளியே வரும். வாய்க்காலில், ஏரியில், பிறகு ஊற்றில். நெல்லுக்குப் பாய்ச்சினால் பயிர் கருகும். தென்னை நிற்கும், காய்ப்பு குறைந்துவிடும். கறவை மாடு அந்தத் தண்ணீரில் வாய்வைத்துவிட்டுத் தலையை எடுத்துக்கொள்ளும். வேறு தண்ணீர் இல்லாதபோது அதையே குடிக்கும். வேலூரில் இருந்த தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகத் தெரியவந்தது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் நடந்த இன்னொரு ஆய்வு, 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டதாகச் சொன்னது.

இந்த எண்கள் பொதுமக்களின் கண்ணில் பட்டது ஒரு தீர்ப்பின் வழியாக. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், ஆபத்து நிச்சயமாகத் தெரியும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாகச் செயல்பட வேண்டும் என்ற இரு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அறிவித்தது. வழக்குக்குள்ளான மாவட்டங்களில் இருந்த தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு வசதி செய்ய வேண்டும், இழப்பீட்டை நிர்ணயிக்கத் தனி ஆணையம் வேண்டும், கண்காணிக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு வேண்டும் என்றது. இந்தியாவின் எந்தச் சட்டக் கல்லூரியில் சூழல் சட்டம் படித்தாலும் இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் வெளியே வர முடியாது.

பாலாற்றங்கரை விவசாயிக்கு அந்தப் புகழ்பெற்ற தீர்ப்பிலிருந்து என்ன கிடைத்தது? இழப்பீட்டு ஆணையம் 2001-ல் தன் கணக்கை முடித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், இழப்பீடு சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வரவில்லை. ஒரு கிணறு கெட்டதற்கும், ஒரு தலைமுறை விவசாயத்தை விட்டு மேஸ்திரியிடம் கைகட்டி நின்றதற்கும் போட்ட விலை அது. அதுவும் எல்லோருக்கும் போய்ச்சேரவில்லை. வழக்கு திரும்பத் திரும்ப நீதிமன்றம் ஏறியது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, விடுபட்ட இழப்பீட்டை முதலில் அரசு கொடுத்துவிட்டுப் பிறகு தொழிற்சாலைகளிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றை மீட்கும் வேலையைத் தொடர்ந்து கண்காணிக்கச் சொன்னது. முதல் மனுவுக்கும் இந்த உத்தரவுக்கும் இடையே 34 ஆண்டுகள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு வரலாறு உண்டு. பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத் தோலில் பென்டாகுளோரோஃபினால் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்திவந்தார்கள். 1989-ல் ஜெர்மனி அதைத் தடைசெய்தது. அந்த ரசாயனம் இருந்தால் சரக்கு திரும்பிவிடும். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் ஏற்றுமதியாளர்களும் அரசும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மாற்று ரசாயனம் வந்தது, சோதனைக்கூடங்கள் வந்தன, இந்தியாவிலும் தடை வந்தது. சில வகை அசோ சாயங்களை 1994-ல் ஜெர்மனி தடைசெய்தபோதும் இதே வேகம். ஷூ போடுகிறவரின் காலுக்கு ஆபத்து என்றதும் சில ஆண்டுகளில் தீர்ந்தது. ஷூ செய்கிற ஊரின் கிணற்றுக்கு ஆபத்து என்பதற்கு 34 ஆண்டுகள் போதவில்லை. தொழில்நுட்பம் இல்லை, சிறு முதலாளிகளால் முடியாது என்று சொல்லப்பட்ட காரணங்களையெல்லாம் இந்த ஒரு ஒப்பீடு பலவீனமாக்கிவிடுகிறது. வாங்குபவர் கேட்டால் எல்லாம் முடிந்திருக்கிறது.

தொட்டிக்குள் இறங்குபவர்கள்

2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம். ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. கொள்ளளவை மீறித் தேக்கிவைத்திருந்த கசடு பக்கத்து டேனரிக்குள் பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓட அவகாசம் இல்லை. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். குடியிருக்க வேறு இடமில்லாததால் வேலை செய்த இடத்திலேயே படுத்தவர்கள்.

கசடு அவ்வளவு ஏன் தேங்கியது? கழிவுநீரைச் சுத்திகரித்தால் கசடு மிஞ்சும், குரோமியம் கலந்த அந்தக் கசடைப் பாதுகாப்பான குழிகளில்தான் புதைக்க வேண்டும், குழிகள் நிரம்பிவிட்டன. ஆற்றுக்குள் போகாமல் தடுத்த விஷம் ஒரு சுவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டே போனது. சுவருக்கு மறுபக்கம் மனிதர்கள் படுத்திருந்தார்கள்.

இந்தப் பத்துப் பேரைப் பற்றிச் செய்தி வந்தது. ஒருவர் இருவராகச் சாகிறவர்களுக்கு நாலு வரிச் செய்திதான். சுண்ணாம்புத் தொட்டிக் கழிவில் சல்பைடு இருக்கும். அதோடு அமிலக் கழிவு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் உயிர் போகும் நேரம். முதல் ஆள் தொட்டிக்குள் சுருண்டு விழுவார். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார், சில நேரம் மூன்றாவது ஆளும். வாயுவை அளக்கும் கருவியும் மூச்சுக்குழாய் கொண்ட முகமூடியும் இடுப்புக் கயிறும் இருந்தால் தடுத்துவிடக்கூடிய சாவுகள் இவை. 2013-ல் வந்த சட்டம் பாதுகாப்பு இல்லாமல் கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. இறங்குபவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் அழைத்துவந்த தினக்கூலி, தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர். செத்த பிறகு அவர் எங்கள் ஆள் இல்லை என்று சொல்வதற்கு வழி முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது.

தொட்டிக்கு வெளியே நடப்பது மெதுவான சேதம். ஈரப் பிரிவில் நாள் முழுக்கச் சுண்ணாம்பிலும் அமிலத்திலும் நனையும் கையில் தோல் உரிந்து வெடிக்கும். கையுறை கொடுத்தாலும் வழுக்கும் தோலைப் பிடிக்க முடியாமல் கழற்றி வைத்துவிடுகிறார்கள். துண்டுக்கு இத்தனை என்று கூலி பேசிவிட்டால் வேகம்தான் சோறு. உலர்ந்த தோலைத் தேய்த்து மெருகேற்றும் 'பஃபிங்' பிரிவில் நுண்ணிய தூசி நெஞ்சுக்குள் இறங்குகிறது. ஆஸ்துமாவும் தோல் அழற்சியும் இந்தத் தொழிலில் உலகெங்கும் பதிவான நோய்கள்.

பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டை விடப் பல மடங்கு கொடியது அதற்கு முந்தைய கட்டத்தில் வருகிற ஆறு இணைதிற குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை முதல் பட்டியலிலேயே வைத்திருக்கும் பொருள். அதைச் சுவாசித்தால் இரண்டு மூக்குத் துளைகளுக்கும் நடுவிலுள்ள குருத்தெலும்பே ஓட்டையாகும். ராணிப்பேட்டை சிப்காட்டில் 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடிய தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை, இந்தக் குரோமியம் கலந்த கழிவை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் திறந்தவெளியில் குவித்துவிட்டுப் போனது. மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் நிறத் தண்ணீர் கசியும். 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. மூடிய ஆலைக்கு உரிமையாளர் என்று கையைக் காட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை, அதைச் சட்டமாக அறிவித்த தீர்ப்புக்குக் காரணமான மண்ணிலேயே முட்டிக்கொண்டு நிற்பது அந்த மேட்டின் முன்னால்தான்.

மூடிவிடலாமா?

விஷயம் இவ்வளவு மோசமென்றால் மூடிவிட வேண்டியதுதானே என்று தூரத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். ஆம்பூரில் விடியற்காலை பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி அவ்வளவு எளிதாக வராது. குடியாத்தம் பக்கமிருந்தும் மாதனூர் பக்கமிருந்தும் கம்பெனி பஸ்களில் பெண்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். காலணியின் மேல்பகுதியைத் தைப்பது, ஒட்டுவது, பாலீஷ் போடுவது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் வேலை. அப்பா வயலில் கூலி, கணவன் பீடிக் கம்பெனி என்ற குடும்பங்களில் மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ. அட்டையும் முதன்முதலாகப் பார்த்தவர்கள் இந்தப் பெண்கள். தலித் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதில் தோல் பணத்துக்குப் பங்கு உண்டு. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் எழுந்ததும், மேல்விஷாரத்தில் தோல் வணிகர் நவாப் அப்துல் ஹக்கீம் பெயரில் கல்லூரி நிற்பதும் இந்த வட்டாரத்தின் வணிகர்கள் தங்கள் ஊருக்குத் திருப்பிக் கொடுத்ததற்குச் சாட்சி. சாதி காரணமாகத் தோலைத் தொடவே மறுத்த ஒரு சமூகத்தில், இந்தத் தொழிலை எடுத்துச் செய்தவர்களையும் அதில் உழைத்தவர்களையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது.

இதே ஊர்களின் பெண்களில் ஒரு பகுதியினருக்கு பஸ்ஸும் இல்லை, அட்டையும் இல்லை. ஷூவின் மேல்பகுதியை வீட்டுக்கு எடுத்துவந்து கையால் தைக்கிறார்கள். தடித்த ஊசியும் மெழுகு நூலும் விரல்களில் காய்ப்பு ஏற்றும். ஜோடிக்குச் சில ரூபாய். இடைத்தரகர் கொடுக்கும்போது கொடுப்பார். ஐரோப்பியக் கடையில் அந்த ஜோடி என்ன விலைக்குப் போகிறது என்பது தைத்தவருக்குத் தெரிய வழியில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊர்களில் முதலில் கவலை பிடித்தது முதலாளிகளுக்கு. முதலில் வேலை குறைந்தது இப்படிப்பட்டவர்களுக்கு. ஆர்டர் நின்றால் இவர்களுக்கு நோட்டீஸ்கூடக் கொடுக்கத் தேவையில்லை, பையைக் கொடுத்தனுப்பாமல் இருந்தால் போதும்.

ஆற்றின் அழிவுக்கும் டேனரிகள் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மணலை அடியோடு அள்ளியவர்கள் இருக்கிறார்கள். மேலே அண்டை மாநிலங்களில் தடுப்பணைகள் எழுந்தன. ஊர்ச் சாக்கடைகளும் அதே ஆற்றில்தான் விழுகின்றன. கடைசிக் கணக்கு மட்டும் ஒன்றே. பாலாற்றின் மடியில் இருக்கும் வாணியம்பாடியும் ஆம்பூரும் வேலூரும் குடிப்பதற்கு மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அரசுப் பணம் செலவானது. ஷூவின் விலைச்சீட்டில் அந்தச் செலவு ஏறவில்லை.

இப்போது பெரும்பாலான டேனரிகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோடு இணைந்திருக்கின்றன. ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சவ்வு வடிகட்டியில் தண்ணீரைப் பிரித்து மறுபடி பயன்படுத்தி, மிஞ்சும் கரிப்பு நீரைக் கொதிக்கவைத்து உப்பாக எடுக்கும் அமைப்புகள் ஓடுகின்றன. தீர்ப்பும் போராட்டமும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் இப்படி எடுக்கும் உப்பு பல ரசாயனங்கள் கலந்த கலப்பு உப்பு. சமையலுக்கும் ஆகாது, மறுபடி தோலுக்கும் ஆகாது. மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கப்படுகிறது. கொதிக்கவைக்க ஆகும் மின்சாரமும் விறகும் பெருஞ்செலவு. அந்தச் செலவு தாங்காமல் மழை நாளில் இரவோடு இரவாகக் கால்வாயில் திறந்துவிடுகிறார்கள் என்பது கரையோரக் கிராமங்களின் நிரந்தரப் புகார். ஒவ்வொரு பருவமழையிலும் ஆம்பூர் அருகே மாராப்பட்டுப் பாலத்தடியில் நுரை பொங்கும் படம் பத்திரிகைகளில் வருகிறது, அதிகாரிகள் மாதிரி எடுக்கிறார்கள்.

தொடக்கத்திலேயே உப்பைக் குறைத்தால் கடைசியில் கொதிக்கவைக்க வேண்டியதும் குறையும். ஊறவைக்கும் முன் தோலை உதறி உப்பைத் திரும்ப எடுப்பது, கசாப்புக்கூடத்திலேயே குளிரூட்டிப் பாதுகாப்பது, முடியைக் கரைக்காமல் நொதிகளால் கழற்றுவது, தண்ணீர் சேர்க்காமலே குரோமியம் ஏற்றுவது என்று அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் வழிகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இவற்றுக்கு முன்பணம் வேண்டும். சிறு டேனரிக்காரருக்கு அந்தப் பணத்தைக் கொடுக்க வங்கியும் தயங்குகிறது, ஷூ வாங்கும் பிராண்டும் விலையை ஏற்றிக் கொடுப்பதில்லை. 1970-களில் குரோமியத்துக்கு மாறச் சலுகை கொடுத்த அரசு, உப்பிலிருந்து மாறுவதற்கும் அதே அளவு தாராளமாகக் கொடுக்கலாம்.

தமிழக அரசின் கவனம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2022-ல் வந்த காலணி, தோல் பொருட்கள் கொள்கைக்குப் பிறகு தோல் இல்லாத விளையாட்டுக் காலணிகள் செய்யும் தைவான் நிறுவனங்கள் வரிசையாக வருகின்றன. செய்யாறில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 டிசம்பரில் இன்னொரு பெரிய ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். மாடும் இல்லை, உப்பும் இல்லை, குரோமியமும் இல்லை என்பது நிம்மதிதான். ஆனால் அங்கே பசையும் கரைப்பான்களும் ரப்பரும் செயற்கை நுரையும் உண்டு. அவற்றின் கழிவு எவ்வளவு, எங்கே போகும், பசை வாடையைச் சுவாசிக்கும் பெண்களின் உடல்நிலையை ஆண்டுதோறும் யார் சோதிப்பார்கள், சுற்றுக் கிராமங்களின் கிணற்றுத் தண்ணீர் இன்று எப்படி இருக்கிறது என்ற கேள்விகளுக்கான பதில்களை ஆலை ஓடத் தொடங்கும் முன்பே எழுதி, கிராம சபையில் படித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட முடியும். வேலூரில் 1970-களில் அப்படி ஒரு கிணற்றுக் கணக்கு எடுத்து வைத்திருந்தால், எந்த நிலம் எப்போது கெட்டது என்று நிரூபிக்க 29,193 பேர் இத்தனை ஆண்டுகள் நீதிமன்றத்தில் நின்றிருக்க வேண்டியதில்லை.